வாட்டர் கூலிங் போட்ட கேமிங் கம்ப்யூட்டரில் கோளாறா? சூட்டின் அளவை விடுங்கள், அது ஏறும் வேகத்தைப் பாருங்கள்

"சிபியு 92 டிகிரி காட்டுது, என்ன பிரச்சினை?" என்று மட்டும் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. 92-க்குப் போக எவ்வளவு நேரம் ஆனது என்றும் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. கேம் தொடங்கிய இரண்டாவது நொடியில் 92 என்றால் ஒரு கோளாறு. இருபது நிமிடம் ஆடிய பிறகு 92 என்றால் முற்றிலும் வேறு கோளாறு. இது தெரியாமல்தான் பலர் நன்றாக வேலை செய்யும் 240 மில்லிமீட்டர் ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு 360 வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டிய பிறகும் அதே 92 வந்து நிற்கிறது.

காரணம் எளிது. சிப்பில் பிறக்கும் சூடு மேல்மூடி, சூடு கடத்தும் பேஸ்ட், செம்புத் தகடு இவற்றைக் கடந்து திரவத்துக்குப் போக வேண்டும். பிறகு திரவம் அதை ரேடியேட்டருக்குச் சுமந்து சென்று அறைக் காற்றில் விட வேண்டும். முதல் பாதியில் இருப்பது கொஞ்சம் உலோகம்தான், நொடியில் சூடாகிவிடும். இரண்டாம் பாதியில் இருப்பது தண்ணீர், அது அவ்வளவு சீக்கிரம் அசைந்து கொடுக்காது. ஒரு லிட்டர் திரவமுள்ள கஸ்டம் லூப்பில் (பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே கட்டும் சுற்று) 250 வாட் சூட்டை இறக்கினால், ரேடியேட்டரே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் நிமிடத்துக்கு மூன்றரை டிகிரிதான் ஏறும். சீல் செய்தே விற்கும் ரெடிமேட் கூலரான ஏஐஓ-வில் திரவம் இதைவிட மிகக் குறைவு. ஆனாலும் ஏற்றம் நொடிக் கணக்கில் நடக்காது.

ஆகவே நொடியில் ஏறினால் சிப்புக்கும் திரவத்துக்கும் நடுவில் தேடுங்கள். நிமிடங்களில் ஏறினால் திரவத்துக்கும் அறைக்கும் நடுவில் தேடுங்கள்.

எதையும் கழற்றுவதற்கு முன்

ஹெச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) என்ற சாஃப்ட்வேரில் சிபியு வெப்பநிலை, பேக்கேஜ் பவர் (சிப் இழுக்கும் வாட்), பம்ப் ஆர்பிஎம் (சுற்று வேகம்) மூன்றுக்கும் கிராஃப் திறந்து வையுங்கள். கூலரில் திரவ வெப்பநிலை சென்சார் இருந்தால் அதையும் சேருங்கள். பிறகு சிபியுவுக்கு முழு வேலை கொடுக்கும் சோதனை சாஃப்ட்வேரான சினிபெஞ்சைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். ரேடியேட்டர் காற்றை இழுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண அறை தெர்மாமீட்டர் இருக்கட்டும். இது இல்லாமல் செய்யும் எந்தச் சோதனையும் அரைகுறைதான், ஏனென்றால் வாட்டர் கூலிங்கில் எல்லாக் கணக்கும் அறை வெப்பநிலையிலிருந்துதான் தொடங்குகிறது.

நல்ல நிலையில் உள்ள லூப், முழு லோடில் அறையைவிட 10 முதல் 15 டிகிரி வரை கூடுதலான திரவ வெப்பநிலையில் நின்றுவிடும். சென்னையில் கத்திரி வெயில் நாளில், ஏசி இல்லாத அறை 36 டிகிரி இருந்தால், கேம் ஓடும்போது திரவம் 50-ஐ ஒட்டி இருப்பது கோளாறே இல்லை. சும்மா இருக்கும்போதே சிபியு 45 காட்டுவதும் அப்படித்தான். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ரேடியேட்டரால் திரவத்தை அறைக் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் திரவத்துக்கு வைக்கும் உச்ச வரம்பு 60 டிகிரி. 50-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அறிகுறி: லோடு கொடுத்த நொடியிலேயே 95, 100

முதலில் பார்க்க வேண்டியது வாட். கோளாறே இல்லாமலும் இது நடக்கும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் பெரிய சிப்கள் 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று வேலை செய்யும்படிதான் வடிவமைக்கப்பட்டவை. ரைசன் 9 7950எக்ஸ் சாக்கெட்டிலிருந்து 230 வாட் வரை இழுக்கும். அதன் மேல்மூடியும் தடிமனானது. முந்தைய ஏஎம்4 சாக்கெட்டின் கூலர்கள் புதிய ஏஎம்5-லும் பொருந்த வேண்டும் என்பதற்காக உயரத்தை மாற்றாமல் விட்டார்கள். இன்டெல் பக்கம் ஐ9 13900கே, 14900கே இரண்டுக்கும் அதிகாரபூர்வ வரம்பு 253 வாட். ஆனால் பல மதர்போர்டுகள் பழைய பயாஸ் (மதர்போர்டின் அமைப்பு மெனு) பதிப்புகளில் அந்த இடத்தில் 4095 என்று போட்டு வைத்திருக்கும். வரம்பே இல்லை என்று அர்த்தம். 300 வாட்டுக்கு மேல் போனால் பெரும்பாலான 360 ஏஐஓ-க்களாலும் 100 டிகிரியைத் தடுக்க முடியாது. வரம்பை 253-க்கு இறக்குங்கள். கேம் மட்டும் ஆடுபவர் 180-க்கு இறக்கினாலும் ஃபிரேம் பெரிதாகக் குறையாது. ரைசனில் ஈகோ மோடு 105 வாட் என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுப் பாருங்கள். ரைசன் 7 7800எக்ஸ்3டி வைத்திருப்பவர்களுக்கு உச்சம் 89 டிகிரி. அந்தச் சிப் நூறு வாட்டுக்கும் குறைவாக இழுத்துக்கொண்டு 89-ஐத் தொட்டால் அது கோளாறுதான்.

வாட் குறைவு, சூடு அதிகம் என்றால் அடுத்தது பம்ப். ஏஐஓ பம்ப்கள் பொதுவாக நிமிடத்துக்கு 2,000 முதல் 3,000 சுற்று வரை காட்டும். பூஜ்யம் காட்டினால் கேபிளைப் பாருங்கள். சில மாடல்கள் பம்புக்கு மின்சாரத்தை சாட்டா கனெக்டரிலிருந்து எடுக்கும். கேபிள் ஒழுங்குபடுத்தும்போது அந்த ஒன்று கழன்றுகொண்டு வந்திருக்கும். ஆர்பிஎம் காட்டுவதாலேயே திரவம் ஓடுகிறது என்று நம்பிவிடவும் வேண்டாம். உள்ளே அடைத்துக்கொண்டிருந்தாலும் பம்புக்குள் இருக்கும் சக்கரம் சுற்றத்தான் செய்யும்.

இதற்குக் கைதான் நல்ல கருவி. பத்து நிமிட லோடுக்குப் பிறகு இரண்டு டியூபையும் பிளாக்குக்கு (சிபியு மேல் உட்காரும், செம்புத் தகடு உள்ள பாகம்) பக்கத்தில் விரல்களால் பிடித்துப் பாருங்கள். திரவம் ஓடினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும், வித்தியாசம் ஓரிரு டிகிரிதான். ஒன்று சுடுகிறது, இன்னொன்று அறை வெப்பத்தில் இருக்கிறது, ரேடியேட்டரைத் தொட்டால் குளிர்ந்து கிடக்கிறது என்றால் ஓட்டம் நின்றுவிட்டது. பம்ப் செத்திருக்கும், இல்லையென்றால் செம்புத் தகட்டின் உள்ளே உள்ள மெல்லிய பள்ளங்கள் அடைத்திருக்கும்.

ஓட்டம் சரி, ஆனாலும் நொடியில் ஏறுகிறது என்றால் பிளாக்கைக் கழற்றத்தான் வேண்டும். ஏஎம்4 சாக்கெட்டாக இருந்தால் ஐந்து நிமிடம் லோடு கொடுத்துச் சூடாக்கி, அணைத்துவிட்டு, பிளாக்கை இடமும் வலமுமாகத் திருகித் திருகி விடுவியுங்கள். குளிர்ந்த நிலையில் நேராக இழுத்தால் பேஸ்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் கூடவே வந்துவிடும், பின்கள் வளையும். ஏஎம்5-லும் இன்டெலிலும் அந்த ஆபத்து இல்லை.

கழற்றியதும் துடைக்காதீர்கள். தகட்டில் பதிந்திருக்கும் பேஸ்ட் அச்சைப் பாருங்கள், அது எல்லாவற்றையும் சொல்லும். நடுவில் உலோகம் லேசாகத் தெரிகிற அளவுக்கு மெல்லிய சாம்பல் படலம், ஓரங்களில் பிதுங்கிய கோடு: இது நல்ல அச்சு. ஒரு மூலையில் தடிமனாகவும் எதிர் மூலையில் வெறுமையாகவும் இருந்தால் ஸ்க்ரூக்களைச் சமமாக முடுக்கவில்லை. மூலைவிட்டமாக, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று, மாற்றி மாற்றி முடுக்க வேண்டும். பேஸ்ட் எங்கும் பரவாமல் போட்ட பொட்டு அப்படியே இருந்தால் தகடு சிப்பைத் தொடவே இல்லை. பெரும்பாலும் பிளாக்கைத் தாங்கும் சின்னத் தூண் (ஸ்டாண்ட்-ஆஃப்) தவறானதாக இருப்பதுதான் காரணம். இன்டெலின் பழைய சாக்கெட்டான எல்ஜிஏ 1200-இல் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர், எல்ஜிஏ 1700-இல் 78, உயரமும் மாறிவிட்டது. பழைய கிட்டை இழுத்துப் பிடித்து மாட்டினால் பார்க்கச் சரியாக இருக்கும், அழுத்தம் இருக்காது. தகட்டில் பிளாஸ்டிக் பிலிம் ஒட்டியபடியே மாட்டியவர்களும் உண்டு. சிரிக்க வேண்டாம், கடையில் அசெம்பிள் செய்துவந்த மெஷினிலேயே அது இருக்கலாம்.

அறிகுறி: மெல்ல ஏறி, இருபது நிமிடத்தில் உச்சம்

பேஸ்டைத் தொடாதீர்கள். பம்பும் நன்றாக இருக்கிறது. திரவம் சூட்டைச் சுமந்து வருகிறது, அதை இறக்க இடம் கிடைக்கவில்லை.

கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து அதே சோதனையை ஓட்டுங்கள். ஐந்து டிகிரியோ அதற்கு மேலோ இறங்கினால் கேபினெட்டுக்குள் காற்றோட்டம் போதவில்லை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட அழகான கேபினெட்களின் சாபம் இது. இறங்கவில்லையென்றால் ஃபேன் திசையைப் பாருங்கள். சட்டத்தில் அம்புக்குறி இருக்கும். இல்லையென்றால் குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். மூன்றில் ஒன்று தலைகீழாக இருந்தாலும் அது பக்கத்து ஃபேன் தள்ளும் காற்றையே திருப்பி இழுத்துக்கொண்டிருக்கும்.

திசையும் சரி என்றால் தூசி. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில், துடுப்புகளின் முகப்பில் கம்பளி விரித்த மாதிரி படிந்திருக்கும். ஃபேனைக் கழற்றினால்தான் கண்ணில் படும். வீட்டில் சாம்பிராணி போடும் பழக்கமோ சமையலறைப் பக்கத்து அறையோ என்றால் அந்தத் தூசி பிசுபிசுப்பாகவும் இருக்கும். அதைப் புளோயர் மட்டும் அசைக்காது, மென்மையான பெயின்ட் பிரஷால் துடுப்புகளின் நீளவாக்கில் தள்ளி எடுக்க வேண்டும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சுத்தம், ஆனாலும் ஏறிக்கொண்டே போகிறது என்றால் தெர்மாமீட்டரைப் பாருங்கள். அறையே சூடாகிக்கொண்டிருக்கும். சிபியுவும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 600 வாட் எடுத்தால் அந்த 600 வாட்டும் கடைசியில் அறைக்குள்தான் வந்து விழுகிறது. ஒரு டன் ஏசி வெளியே தள்ளும் சூடு சுமார் 3,500 வாட். அதில் ஆறில் ஒரு பங்கை உங்கள் கேம் தின்றுவிடும். கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு ஏசி இல்லாமல் ஆடினால் ரேடியேட்டர் தான் விட்ட சூட்டையே திரும்ப உள்ளிழுக்கும்.

அறிகுறி: சிபியு குளிர்ச்சியாக இருக்கிறது, கேம் மட்டும் திக்குகிறது

பழைய டவர் கூலரிலிருந்து ஏஐஓ-வுக்கு மாறியவர்களுக்கு இது அடிக்கடி வரும். டவர் கூலரின் ஃபேன் சிபியுவோடு சேர்த்து, அதைச் சுற்றியுள்ள விஆர்எம் பாகங்களுக்கும் (சிபியுவுக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தருபவை) எம்.2 எஸ்எஸ்டிக்கும் ஓசியில் காற்று கொடுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டு ஒரு சின்ன பம்பை வைத்ததும் அந்த இடம் காற்றில்லாமல் போய்விடுகிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ-வில் விஆர்எம் வரியைப் பாருங்கள். 100-ஐத் தாண்டிப் போய், அதே நேரத்தில் சிபியு வேகம் திடீரென்று விழுந்தால் சந்தேகமே வேண்டாம். பின்பக்கமும் மேலேயும் ஒரு ஃபேன் காற்றை வெளியே இழுக்கும்படி வைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கிராபிக்ஸ் கார்டுக்கு வாட்டர் பிளாக் போட்டவர்கள் கோர் சூட்டையும் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான புள்ளி) சூட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி 30 டிகிரியை நெருங்கினால் பெரும்பாலும் தெர்மல் பேடின் (சூடு கடத்தும் மெத்தைத் துண்டு) தடிமன் தவறு. பேட் பிளாக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் ஹாட்ஸ்பாட் எண் வெளியே தெரியாது, அங்கே இந்தச் சோதனை நடக்காது.

இன்னொரு வகை: சூடு எல்லாம் சரி, ஆனால் அன்ரியல் எஞ்சின் கேம்கள் வீடியோ மெமரி போதவில்லை என்று சொல்லி மூடிக்கொள்கின்றன. சிப் இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9. இதற்கும் கூலிங்குக்கும் சம்பந்தமில்லை. அந்தச் சிப்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டுத் தாமே பழுதாகிக்கொண்டது 2024-இல் வெளியே வந்த விவகாரம். அந்த ஆகஸ்டில் இன்டெல் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடை (சிப்பின் உள் புரோகிராம் திருத்தம்) கொடுத்து, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. பயாஸை அப்டேட் செய்யுங்கள். ஏற்கெனவே பழுதான சிப் அப்டேட்டால் குணமாகாது, வாரன்டியில் மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறி: சத்தம்

கொப்பளிக்கும் சத்தம் என்றால் பம்புக்குள் காற்றுக் குமிழி. புதிய ஏஐஓ-வில் முதல் சில நாட்கள் இருந்து போய்விடும். போகாவிட்டால் பொருத்திய விதம் தவறு: லூப்பிலேயே உயரமான இடத்தில் பம்ப் இருக்கக் கூடாது, காற்று அங்கேதான் போய்ச் சேரும். ரேடியேட்டரை மேலே மாட்டுவது உத்தமம். முன்பக்கம் மாட்டினால் அதன் மேல் முனை பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும்.

சீரான கீச்சொலி பம்ப் முழு வேகத்தில் ஓடுவதால் வரலாம். 70 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள், குளிர்விப்பில் வித்தியாசம் தெரியாது. ஆனால் பம்பைச் சாதாரண ஃபேன் மாதிரி சிபியு சூட்டுக்கு ஏற்ப ஏற்றி இறக்க விடாதீர்கள், ஒரே வேகத்தில் ஓடட்டும்.

ஃபேன்கள் சும்மா சும்மா உறுமி அடங்குகின்றனவா? பிரவுசரில் ஒரு டேப் திறந்தாலே சிபியு ஒரு நொடி 70-க்குத் தாவி இறங்கும், ஃபேன் அதைத் துரத்துகிறது. முன்னே சொன்ன கணக்குதான் இங்கேயும்: அந்த ஒரு நொடியில் திரவம் சூடாகவே இல்லை. ஃபேன் வேகத்தைத் திரவ வெப்பநிலையோடு இணைத்துவிடுங்கள். சென்சார் இல்லையென்றால் பயாஸில் ஃபேன் ஏறும் தாமதத்தைக் கூட்டுங்கள்.

அறிகுறி: ஈரம்

சுவர் சுவிட்சை அணையுங்கள். விண்டோஸை முறைப்படி ஷட்டவுன் செய்துகொண்டிருக்க வேண்டாம். பிறகு கேபினெட்டைப் படுக்கப் போடாமல், துளி கிராபிக்ஸ் கார்டிலிருந்து விலகி விழும்படி சாய்த்து வையுங்கள். சிபியு பிளாக்கில் கசிந்தால் நீர் நேரே கீழே வராது. டியூப் வழியாக ஓடி கார்டின் பின்தகட்டில் தேங்கி, அங்கிருந்து ஸ்லாட்டுக்குள் இறங்கும். ஆகவே கார்டைக் கழற்றி ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். புட்டியில் மின்சாரம் கடத்தாது என்று அச்சிட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். உலோகத்தையும் தூசியையும் தொட்ட பிறகு எந்தத் திரவமும் கடத்தும்.

ஈரம் பட்ட போர்டை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஃபேன் காற்றில் ஒரு நாளுக்குக் குறையாமல் உலர விடுங்கள். அதே ஆல்கஹாலை அக்ரிலிக் பிளாக்கிலோ ரிசர்வாயரிலோ (திரவத் தொட்டி) தேய்த்துவிடாதீர்கள், நுண்ணிய வெடிப்பு விழும்.

எங்கே கசிகிறது என்று தெரியவில்லையென்றால் ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் கீழே வெள்ளை டிஷ்யூ பேப்பர் வைத்து, பம்பை மட்டும் ஓட விடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை (பவர் சப்ளை) மதர்போர்டிலிருந்து பிரித்து, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் பக்கத்துக் கறுப்பையும் இணைத்தால் பம்ப் தனியாக ஓடும். எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கும் மாடல்களில் இதற்கென்றே விற்கும் சின்ன ஜம்பர் கட்டையைப் பயன்படுத்துங்கள். திரவம் இல்லாமல் பம்பை ஓட்டவே கூடாது, அதன் பேரிங்குக்கு அந்தத் திரவம்தான் எண்ணெய். கஸ்டம் லூப் கட்டுபவர்கள் நிரப்புவதற்கு முன்பே காற்றழுத்த டெஸ்டரால் அரை பார் (0.5 bar) அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் விட்டுப் பார்ப்பது நல்லது. நடுவில் ஏசியைப் போட்டால் உள்ளே காற்று சுருங்கி முள் லேசாக இறங்கும், அதைக் கசிவு என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்துவிடாதீர்கள்.

"தண்ணீர் வேர்க்குமா?" என்றும் கேட்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினில் வாய்ப்பில்லை, எல்லாப் பாகமும் அறையைவிடச் சூடாகத்தான் இருக்கும். ஒரே விதிவிலக்கு: இரவெல்லாம் 18 டிகிரி ஏசியில் அணைந்து கிடந்த மெஷின், காலையில் ஜன்னலைத் திறந்ததும் கடற்காற்று உள்ளே வருகிறது. ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குகிற அதே கதை. அரை மணி நேரம் விட்டு ஆன் செய்யுங்கள்.

அறிகுறி: திரவத்தின் நிறம் மாறுகிறது

இது கஸ்டம் லூப்காரர்களின் தலைவலி. பச்சையாக வழுவழுப்பு என்றால் பாசி: கிருமிக்கொல்லி போடவில்லை, வெயில் படுகிறது. வெள்ளைக் கூழாக ரிசர்வாயர் அடியில் சேர்ந்தால் மென்மையான பிவிசி டியூபிலிருந்து பிளாஸ்டிசைசர் (பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் பொருள்) கரைந்து வருகிறது. இபிடிஎம் ரப்பர் டியூபுக்கு மாறுங்கள், பார்க்க அழகில்லை, ஆனால் தொல்லையும் இல்லை. சாம்பல் நிறச் சேறு என்றால் மோசம்: எங்கேயோ அலுமினியம் ரேடியேட்டரைச் செம்பு பிளாக்கோடு சேர்த்திருக்கிறீர்கள், அலுமினியம் அரித்துக்கொண்டிருக்கிறது. கஸ்டம் லூப்பில் இந்த அரிப்பைத் தடுக்க எந்தத் திரவமும் போதாது, ரேடியேட்டரையே மாற்றுங்கள். ஏஐஓ-க்களிலும் செம்பும் அலுமினியமும் சேர்ந்துதான் இருக்கின்றன. ஆனால் அங்கே அரிப்புத் தடுப்பான் கலந்து, காற்றே புகாமல் மூடி வைத்திருக்கிறார்கள்.

என்ன தண்ணீர் ஊற்றுவது என்பதில் நம் ஊரில் பெரிய குழப்பம். கேன் தண்ணீர், ஆர்ஓ தண்ணீர் இரண்டும் வேண்டாம், தாது உப்பு இருக்கிறது. பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஎம் வாட்டர் (தாது நீக்கிய தண்ணீர்), சீல் உடைக்காத புட்டியாக இருந்தால், அரிப்புத் தடுப்பானும் கிருமிக்கொல்லியும் கலந்து ஓட்டலாம். பணம் இருந்தால் ரெடிமேட் கூலன்ட், அதிலும் நிறமில்லாதது. பால் மாதிரி ஒளி புகாத நிறக் கூலன்ட்கள் புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். அதிலுள்ள துகள்கள் பிளாக்கின் நுண்பள்ளங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். தினமும் ஆடுகிற மெஷினுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். எதை ஊற்றினாலும் ஆண்டுக்கு ஒருமுறை வடித்து மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: ஆன் செய்ததும் "சிபியு ஃபேன் எரர்"

மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதியுள்ள இடம் காலியாக இருக்கிறது, அவ்வளவுதான். ரேடியேட்டர் ஃபேன் ஒன்றை அங்கே செருகுங்கள். பயாஸில் அந்த எச்சரிக்கையையே அணைத்து வைப்பது வேண்டாம், உண்மையிலேயே ஏதாவது நின்றுபோனால் முதலில் கூவுவது அதுதான்.

அறிகுறி: ஆண்டுகள் போகப் போகச் சூடு கூடுகிறது

போன வருடம் இதே அறை வெப்பத்தில் 70, இப்போது 80. தூசியும் இல்லை, பேஸ்டும் புதிது. ஏஐஓ ஐந்தாறு வயதைத் தொட்டிருந்தால் திரவம் குறைந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். கசியாமலேயே, ரப்பர் டியூபின் சுவர் வழியாக ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போகும். கேபினெட்டை மெதுவாகச் சாய்த்தால் ரேடியேட்டருக்குள் தளும்பும் சத்தம் நன்றாகக் கேட்கும். நிரப்பும் துளை இல்லாத மாடலைத் திறந்தால் வாரன்டி போய்விடும், அதனால் முதலில் வாரன்டி தேதியைப் பாருங்கள். நல்ல ஏஐஓ-க்களுக்கு ஐந்தாறு ஆண்டு கொடுக்கிறார்கள். ஆர்க்டிக் நிறுவனத்தின் லிக்விட் ஃப்ரீசர் 2-இல் சீல் குறைபாடு இருப்பது 2022-இல் தெரியவந்தபோது, அவர்களே இலவசமாகப் பழுதுநீக்கும் கிட் அனுப்பினார்கள். உங்கள் மாடலுக்கும் அப்படி ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் தேடுவது ஐந்து நிமிட வேலை.

புதிதாக மாட்டுபவர்கள் சீரியல் நம்பர் ஸ்டிக்கரை மாட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்து பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் கேபினெட்டின் தகட்டுக்குப் பின்னால் மறைகிற இடத்தில்தான் ஒட்டியிருக்கும். கிளெய்ம் அனுப்பினால் திரும்பி வர வாரங்கள் ஆகலாம். அதுவரை இரண்டாயிரம் ரூபாய்ச் சுமாரில் ஒரு டவர் கூலரை மாட்டி, பயாஸில் சிபியு வரம்பை 125 வாட்டுக்கு இறக்கிவிட்டால் கேம் நிற்காது.